நெஞ்சில் வரைந்த நிலப்படம்

பெருங்களத்தூர் புகைவண்டி நிலையத்தின் வாயிலில் நின்று, வருவோர் போவோருள் நால்வரை நிறுத்தி, ஆளுக்கொரு தாளும் எழுதுகோலும் தந்து, "இந்த ஊரை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நால்வரும் நான்கு ஊர்களை வரைந்து தருவர்!

முதியவர் ஒருவர் ஏரியிலிருந்து தொடங்குவார். கரை எங்கே, மதகு எங்கே, கழனி எங்கே இருந்தது என்று காட்டுவார். இன்று அங்கே மாடி வீடுகள் நிற்கின்றன என்பது அவர் கைக்கு எட்டவே எட்டாது. நாள்தோறும் நகருக்குள் வேலைக்குச் செல்லும் இளைஞர், தண்டவாளத்தையும் அதையொட்டி ஓடும் பெருஞ்சாலையையும் இரு கோடுகளாக இழுப்பார். அவருக்கு ஊரென்பது அந்தக் கோடுகளைக் கடக்கும் பாடுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்பாண்டி நாட்டுக்குப் பேருந்து ஏறிய ஒருவர், ஒரே ஒரு புள்ளி வைப்பார். "இது பேருந்துக்கு நான் காத்து நின்ற இடம், மற்றது எனக்குத் தெரியாது" என்பார். நான்காமவர் ஒரு தாய். பள்ளிக்கூடம், தண்ணீர் கிடைக்கும் இடம், மருந்துக்கடை, இருட்டிய பிறகு மகளைத் தனியே அனுப்ப அஞ்சும் தெரு - இவை அவர் தாளில் இருக்கும்.

நிலம் ஒன்று; படம் நான்கு. எது மெய்? எது பொய்? நான்கும் மெய்தான்! மனிதன் நிலத்தின்மீது நடப்பதற்கு முன்பே, நிலம் அவன் நெஞ்சில் வரையப்பட்டு விடுகிறது. எந்த வழி தன் வழி, எந்தத் தெரு பிறர் தெரு, எங்கே நிமிர்ந்து நடக்கலாம், எங்கே குனிந்து போகவேண்டும் என்பதை எல்லாம் அந்தப் படமே அவனுக்குச் சொல்கிறது. அந்தப் படத்தை வரைந்த கை எது? இக்கட்டுரை கேட்க விழைவது அந்தக் கேள்வியைத்தான்.

அறிவுலகம் கண்ட உண்மை

மனத்துக்குள் ஒரு நிலப்படம் உண்டு என்பது கவிஞரின் கற்பனையன்று. 1948ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்டு டோல்மன், சிக்கலான வழிகளில் எலிகளை ஓடவிட்டு ஆராய்ந்து, அவை இடம் வலம் என்று திரும்புவதை மனப்பாடம் செய்வதில்லை, இடத்தின் படத்தையே தம்முள் அமைத்துக்கொள்கின்றன என்று எழுதினார். 1971இல் இலண்டனில் ஜான் ஓ'கீஃப், எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் உயிரணுக்கள் அதன் மூளையில் இருப்பதைக் கண்டார். அந்த வழியில் மேலும் சென்ற மோசர் இணையரோடு 2014இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

எலிக்கு உள்ளது வழி பற்றிய படம். மனிதனுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு: மதிப்பு. 1960இல் கெவின் லிஞ்ச் என்னும் நகரமைப்பு அறிஞர், பாஸ்டன், ஜெர்சி நகர், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களை அவரவர் நகரை வரையச் சொன்னார். மக்கள் மனத்தில் ஐந்து வகைப் பொருள்கள் நிற்பதைக் கண்டார்: நடக்கும் தடம், தடுத்து நிறுத்தும் விளிம்பு, தனித்தன்மையுள்ள வட்டாரம், பலரும் கூடும் சந்திப்பு, தொலைவிலிருந்து தெரியும் அடையாளம். இதே ஐந்தையும் பெருங்களத்தூரில் பொருத்திப் பாருங்கள். தெற்கே செல்லும் பெருஞ்சாலை தடம். தண்டவாளம் விளிம்பு. பழைய பெருங்களத்தூர், புதுப் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை என்பன வட்டாரங்கள். பேருந்து நிற்கும் இடம் சந்திப்பு. வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள் அடையாளம்.

அதன்பின் 1966இல் பீட்டர் கோல்டு என்னும் நிலவியல் பேராசிரியர் வேறொரு கேள்வி கேட்டார். "எங்கே வாழ விரும்புகிறீர்கள்? வரிசைப்படுத்துங்கள்" என்றார். கலிபோர்னியா, மினசோட்டா, பென்சில்வேனியா, அலபாமா ஆகிய நான்கு பகுதிகளின் மாணாக்கர் விடை எழுதினர். பிற பகுதி மாணாக்கருக்கு அமெரிக்கத் தென்னகம் முழுவதும் ஒரே பள்ளமாகத் தோன்றியது; விரும்பத்தகாத நிலம் என்று ஒருசேரத் தள்ளினர். அலபாமாவின் மாணாக்கரோ அதே தென்னகத்துக்குள் இது சிறந்தது, அது குறைந்தது என்று நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினர். தொலைவில் நிற்பவன் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. அங்கே வாழ்பவன் கண்ணுக்குத்தான் வேறுபாடு புலப்படும். நகரின் நடுவே வாழும் சீமான், "தாம்பரத்துக்கு அப்பாலா? அடேயப்பா!" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறாரே, அந்த ஒதுக்கலின் இலக்கணம் இதுதான்.

ஊர் வேறு, கிராமம் வேறு

மேலைநாட்டார் ஆய்வு கிடக்கட்டும், நம் மண்ணில் இதை ஆராய்ந்தவர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஈழத்தில் பிறந்த தமிழர், மானிடவியல் அறிஞர் வாலண்டைன் டேனியல், திருச்சி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1984இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது நாம் நாள்தோறும் பேசியும் எண்ணிப் பாராத ஓர் உண்மை: தமிழன் நாவில் 'ஊர்' என்பதும் 'கிராமம்' என்பதும் ஒன்றல்ல!

கிராமம் என்பது அரசாங்கத்தின் சொல். அதற்கு எல்லைக்கல் உண்டு, எண் உண்டு, பதிவேடு உண்டு. யார் சொன்னாலும் அது ஒரே இடம். ஊர் அப்படியன்று. "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், சொல்பவர் யார், கேட்பவர் யார், இருவரும் எங்கே நிற்கின்றனர் என்பதற்கேற்ப விடை மாறும். வெளிநாட்டில் கேட்டால் தமிழ்நாடு. மதுரையில் கேட்டால் சென்னை. சென்னையில் கேட்டால் தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர். கிராமத்தை வரையச் சொன்னால் எல்லைக் கோட்டை இழுக்கும் கை, ஊரை வரையச் சொன்னால் கோயிலையும், எல்லைத் தெய்வத்தையும், வெளியிலிருந்து வழிகள் உள்ளே நுழையும் இடங்களையும் குறிக்கிறது. கிராமத்துக்குக் கோடு முதல். ஊருக்கு உறவு முதல்.

கேட்க எவ்வளவு இனிக்கிறது! உறவால் அமைந்தது ஊர், ஆகா! ஆனால் தோழர்களே, அந்த உறவுக்குள் யார் யார் இருந்தனர்? "ஊரும் சேரியும்" என்கிறோமே, அந்த 'உம்' எதைச் சேர்க்கிறது, எதைப் பிரிக்கிறது? சேரியில் வாழ்ந்தவன் அந்த ஊரின் நிலத்தை உழுதான்; அந்த ஊரின் ஏரியைக் காத்தான்; அந்த ஊரின் பிணத்துக்குப் பறை அறைந்தான். ஆயினும் 'ஊர்' என்ற சொல்லுக்குள் அவனுக்கு இடமில்லை. ஊர்க்கூட்டம் என்றால் அவன் நீங்கலாக. ஊர்க்கிணறு என்றால் அவன் நீங்கலாக. மண்மீது அரைக்கல் தொலைவு. மனப்படத்திலோ கடக்கவொண்ணாக் கடல்!

சேரி என்ற சொல்லின் கதை

இந்தப் பிளவு தொன்றுதொட்டு வந்தது, இயற்கையானது, மாற்றவொண்ணாதது என்பர் பழமை விரும்பிகள். வரலாறு என்ன சொல்கிறது?

தமிழர் நிலத்தைப் பிரித்தறிந்த முறையைத் தொல்காப்பியம் காட்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என வைத்து, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வைப் பொருத்தினர். இடத்தை உள்ளத்தோடு பொருத்திப் பார்க்கும் கலையில் உலகுக்கு மூத்தவர்களுள் ஒருவர் நாம். அங்கே மலை உயர்ந்ததன்று, கடற்கரை தாழ்ந்ததன்று. மேற்கு, கிழக்கு என்னும் சொற்களைப் பாருங்கள். மேல் என்பதும் கீழ் என்பதும் அவற்றின் வேர். மேலே மலைத்தொடர், கீழே கடல். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. அந்தக் காட்சியைக் கண்ட தமிழன் திசைக்குப் பெயரிட்டான். மண்ணின் மேடுபள்ளம் மொழியில் ஏறியது. அதில் குற்றம் இல்லை. அதே மேலையும் கீழையும் மனிதன்மீது ஏற்றியபோதுதான் கேடு விளைந்தது.

சேரி என்ற சொல்லும் அப்படியே. சேர் என்பது அதன் வேர். சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்கப் பாடல்களில் பரதவர் சேரி உண்டு; பாணர் சேரி உண்டு. இழிவு அச்சொல்லில் ஒட்டவில்லை. இன்னும் கேளுங்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற்பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் கல்வெட்டுகள் அவை. அந்த ஊர் முப்பது குடும்புகளாகவும் பன்னிரண்டு சேரிகளாகவும் பிரிந்திருந்தது. அது யார் ஊர்? பார்ப்பனர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம்! வேதம் ஓதியோர் குடியிருந்த தெருக்களுக்குப் பெயர் சேரி. ஆம், சேரி!

பிறகு என்ன நேர்ந்தது? நூறாண்டு கடப்பதற்குள், தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியல் இடுகின்றன. அப்பட்டியலில் ஊர்நத்தம் தனியே வருகிறது, பறைச்சேரி தனியே, கம்மாணச்சேரி தனியே, ஈழச்சேரி தனியே. சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே ஒரு சொல் நிற்கிறது. பறையர்க்குச் சுடுகாடும் வேறு. உயிரோடு இருக்கும்போது ஒரு கோடு. செத்த பிறகும் ஒரு கோடு!

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்: சங்க நூல்களிலேயே 'இழிசினன்' போன்ற சொற்கள் தலைகாட்டுகின்றன. பண்டைக்காலம் முழுதும் பாலும் தேனும் ஓடிற்று என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது பகுத்தறிவு ஆகாது. ஆனால் ஒன்று உறுதி. 'சேரி' என்பது இழிந்த இடம் என்ற பொருள் அச்சொல்லோடு பிறந்ததன்று, பின்னர் ஏற்றப்பட்டது. ஏற்றப்பட்ட சுமையை இறக்கவும் முடியும்.

மலையிலிருந்து தொடங்கிய சங்கிலி

இனி, காலத்தில் எண்ணூறு ஆண்டு தாண்டிப் பெருங்களத்தூரின் அண்டை அயலுக்கே வருவோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள். பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அலுவலர், நூறடி நீள எஃகுச் சங்கிலியை நிலத்தின்மீது நீட்டுகிறார். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் ஏற்காமையால் திரும்பி வந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீண்டுவிடுமே என்று அஞ்சி, மரப்பெட்டிகளில் வைத்து, கூடாரத்தின் நிழலில் காத்து, அடியடியாக அளந்தனர். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏழரைக் கல் தொலைவை அளக்க 57 நாட்கள் பிடித்தன. இன்று தாம்பரத்துக்குக் கிழக்கே அடுக்குமாடிகள் வானைத் தொடும் அந்தப் பகுதியில் இழுக்கப்பட்ட அந்த ஒரு கோடுதான், பின்னர் இமயம் வரை நீண்ட மாபெரும் நில அளவைக்கு அடித்தளம்.

என்னே உழைப்பு! ஓர் அங்குலம் பிசகக் கூடாது என்ற என்னே துடிப்பு! 1808இல் தஞ்சைப் பெருங்கோயிலின் விமானத்தின்மேல் அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. ஆறு வாரம் அதைத் தம் கையாலேயே சீர்செய்தார் லாம்டன். அவர் கருவி மோதிய கோயிலின் கல்லில்தான், நாம் மேலே கண்ட 'தீண்டாச்சேரி' என்ற சொல் எட்டு நூற்றாண்டாக இருந்தது. நிலத்தின் வளைவையே அளக்க வந்த கருவிக்கு, அந்தச் சொல்லின் ஆழத்தை அளக்கத் தெரியுமா?

கருவிமீது பழியில்லை. ஆனால் அளவைக்குப் பின்னே வரி வந்தது. வரிக்குப் பின்னே பதிவேடு வந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிக்கு அளித்த சாகீர் நிலம்தான் செங்கற்பட்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அதனை ஊர் ஊராக அளந்தார். அதன்பின் வந்த பதிவேடுகளில் நிலம் எவ்வாறு பெயர் பெற்றது? ஊர்நத்தம், சேரிநத்தம் என்று பிரிந்தே பெயர் பெற்றது. அளந்தவன் அயலான், ஆனால் 'இது ஊர், இது சேரி' என்று அவனுக்குச் சுட்டிக் காட்டிய விரல் நம் உள்ளூர் மேட்டுக்குடியின் விரல்! ஆண்டையின் நெஞ்சில் இருந்த படம் அரசாங்கத்தின் தாளில் ஏறியது. தாளில் ஏறியது சட்டமாயிற்று. வழக்கம் என்று இருந்தவரை வாதாடலாம். பதிவேடு என்றான பிறகு வாயடைத்துப் போவர் ஏழை எளியோர்.

குடிசை நின்ற மண் யாருடையது?

அதன் விளைவை எடுத்துச் சொன்னவரும் ஓர் ஆங்கில அலுவலரே. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுபவனுக்கு உழவில் பங்கில்லை. அது தெரிந்த கதை. அவர் காட்டிய இன்னொன்றுதான் நெஞ்சைச் சுடுவது. சேரியில் குடிசை நின்ற மண்கூட அங்கே வாழ்ந்தவனுக்கு உரிமை இல்லை. மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி கேட்டுக் குரல் உயர்த்தினால், குடிசையைக் காலி செய் என்று மிரட்டலாம். நிற்கும் நிலமே தனதில்லை என்றால், நிமிர்ந்து நிற்பது எங்ஙனம்?

அவர் அறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்தது அரசாணை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டு வரை விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் அம்மக்களுக்கே விற்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தனர். பஞ்சமி நிலம் என்பது அதுதான். சென்னை மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் வரை வழங்கப்பட்டதாகக் கூறுவர். அந்த நிலம் இன்று எங்கே? பதிவேட்டில் ஒரு பெயர், வேலிக்குள் வேறொரு பெயர்! 1994 அக்டோபரில் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நூறாண்டுக்கு முன் அரசே எழுதிக் கொடுத்த நிலத்தை, மீண்டும் கேட்பதற்கு உயிரைக் கொடுக்கவேண்டி இருந்தது. தாளில் மாறிய படம், நெஞ்சில் மாறாததன் விலை அது.

நிலத்தோடு நிற்கவில்லை; தெருவும் அப்படித்தான். பொதுச்சாலையில் நடக்க ஒரு மனிதனுக்கு அரசாங்கத்தின் அனுமதி தேவைப்பட்ட நாடு இது! 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போர் நடந்ததும், தந்தை பெரியார் அங்கே சிறை புகுந்ததும் நாம் அறிந்தவை. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலும், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவை ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்று தீர்மானம் நிறைவேறியது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் உறுப்பினராக வீற்றிருந்த அவை அது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1922இல், பஞ்சமர், பறையர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று குறிக்கவேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தவர் எம். சி. இராசா. அவர் பிறந்த இடம் எது தெரியுமா? பரங்கிமலை! லாம்டனின் சங்கிலி தொடங்கிய அதே மலையடிவாரத்தில், 1883இல் பிறந்தவர் அவர். ஒருவர் நிலத்தை அளக்க அங்கிருந்து புறப்பட்டார். இன்னொருவர் அந்நிலத்தில் மனிதனின் மதிப்பை உயர்த்த அங்கிருந்து புறப்பட்டார். நம் பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் அறிந்திருக்கவேண்டும்.

பெருங்களத்தூரின் இன்றைய கோடுகள்

"அதெல்லாம் பழங்கதை, நகரம் வந்துவிட்டது, கோடுகள் அழிந்துவிட்டன" என்பர் சிலர். நகரம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. தாம்பரத்தோடு வண்டி நின்றது. சென்னையும் அங்கேயே நின்றது, மக்கள் மனத்தில்! அடுத்த நிலையம் பெருங்களத்தூர். ஒரே ஒரு நிலையம்தான் அப்பால், ஆனால் 'வெளியூர்'. தென்னாட்டுக்குச் செல்வோர்க்கு அது கடைசி வாயில். தென்னாட்டிலிருந்து வருவோர்க்கு முதல் வாயில். வாயிலாகக் கருதப்பட்ட இடத்தை, மக்கள் வாழும் வீடாக யாரும் மதிப்பதில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர்ப் பேரூராட்சி அதில் சேர்ந்தது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வாயில் இன்னும் தெற்கே நகர்ந்தது. நேற்று 'அப்பால்' இருந்தது இன்று 'உள்ளே' வந்துவிட்டது. மண் ஓரடியும் நகரவில்லை; மதிப்பு மட்டும் நகர்ந்தது. மனப்படம் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் மாறும்போது எதை அழிக்கிறோம் என்றும் பார்க்கவேண்டும். முதியவர் தாளில் வரைந்த ஏரியும் கால்வாயும், மனை வாங்க வந்தவர் தாளில் இல்லை. அவருக்குத் தெரிந்தது, நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், சதுர அடி என்ன விலை என்பவைதாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, அண்டையிலுள்ள முடிச்சூரில் தெருக்கள் ஆறாயின. படகு கொண்டு மக்களை மீட்கவேண்டி வந்தது. தண்ணீருக்கு மறதி இல்லை. மனிதன் தன் படத்திலிருந்து நீக்கிய வழியை, அது தன் படத்தில் அழியாமல் வைத்திருந்தது. ஏரியைக் காத்தவர் யார், மதகைத் திறந்தவர் யார்? சேரியில் வாழ்ந்த நீர்ப்பாய்ச்சி அல்லவா! அவன் அறிவைப் படத்தில் சேர்க்காத சமூகம், அவனை மட்டும் இழக்கவில்லை. தன் பாதுகாப்பையும் இழந்தது.

பழைய கோடோ? அது அழியவில்லை, உடை மாற்றிக்கொண்டது. வாடகைக்கு வீடு கேட்டுச் செல்லும் இளைஞரிடம், "சொந்த ஊர் எது?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். ஊரின் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஊரில் எந்தத் தெரு?" என்பது. தெருவின் பெயரில் என்ன இருக்கிறது? கேட்பவருக்குத் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். "எந்தச் சாதி?" என்று கேட்க நாணும் நாகரிகம், "எந்தத் தெரு?" என்று கேட்க நாணுவதில்லை! தொடர்வண்டியில் தோளோடு தோள் உரசி வந்தவர்கள், இறங்கியதும் இரண்டு படங்களுக்குள் பிரிந்து நடக்கிறார்கள்.

கோடு சில இடங்களில் செங்கல்லாகவே எழுந்ததையும் கண்டோம். மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி, 2008 மே மாதம் இடிக்கப்படும்வரை நின்றது. 2019 டிசம்பர் 2ஆம் நாள், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் மழையில் ஒரு மதிற்சுவர் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரை விழுங்கியது. அதனைத் தீண்டாமைச் சுவர் என்றே அப்பகுதி மக்கள் பலர் குறித்தனர். மனத்துள் இருக்கும்வரை கோடு கண்ணுக்குத் தெரியாது. சுவராக எழுந்து சாயும்போதுதான் நாடு திடுக்கிடுகிறது.

படத்தைத் திருத்துவோம்

கோடு மனிதன் போட்டது. மனிதனே அழிக்க முனைந்த வரலாறும் நமக்கு உண்டு. 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைக் கலைஞர் அரசு திறந்தது. நூறு வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. வீடுகளைச் சாதிவாரியாக ஒதுக்காமல் கலந்து அமைத்தனர். ஊர், சேரி என்று இரண்டாக வரையவே முடியாத ஓர் இடத்தை உண்டாக்குவதுதான் அதன் நோக்கம். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

பெயர் மாற்றினால் போதுமா என்று கேட்பவர் உண்டு. போதாது. சேரி என்ற நல்ல சொல்லும் கெட்டது. பின்னர் வந்த காலனி என்ற சொல்லும் கெட்டது. சொல்லில் நோய் இல்லை. சொல்பவன் நெஞ்சில் உள்ள படத்தில்தான் நோய். புதுப்பெயர் வைத்துப் பழைய கோட்டை விட்டுவைத்தால், அப்பெயரும் பத்தாண்டில் பழுதாகும். ஆனால் பெயரும் மாறாமல், வீடும் கலவாமல், நிலமும் திரும்பாமல் நெஞ்சு மட்டும் தானே திருந்திவிடும் என்பதும் வீண் கனவு. தண்டவாளம் நீண்டதும் பெருங்களத்தூரின் மதிப்பு மாறவில்லையா? தரையில் ஒன்றைச் செய்தால்தான் மனத்தில் ஒன்று மாறும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு நாள், பிள்ளைகளுக்கு வெறுந்தாள் தந்து, "உன் ஊரை வரை" என்று சொல்லுங்கள். ஒன்றும் திருத்தாதீர்கள். பிறகு எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டுங்கள். எந்தத் தெரு எல்லோர் தாளிலும் இருக்கிறது, எந்தத் தெரு சிலர் தாளில் மட்டும் இருக்கிறது என்று பிள்ளைகளையே எண்ணச் செய்யுங்கள். ஓராயிரம் மேடைப்பேச்சு சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிவிடும். "நான் ஏன் அந்தத் தெருவை வரையவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றே பாதிக் கோடு அழிந்தது.

மூளையில் வழியை வரைவது இயற்கை. எலிக்கும் அது உண்டு. எலியின் படத்தில் தடம் உண்டு, வளை உண்டு, உணவு உண்டு. சேரி இல்லை! அதை வரைந்தது மனிதன் கை. வரைந்த கையே அழிக்கட்டும்.